தலையை ஆட்டும் பேய்க் காற்று! அளந்து பார்க்காமல் கண்ணாடி மாட்டலாமா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஆபீஸ் முடிந்துவிட்டது. ஊரில் அப்பா, அம்மா காத்திருக்கிறார்கள். ரெயிலில் இடம் இல்லை. ஆம்னி பஸ் கட்டணமோ ஆகாயத்தில்!

"பஸ் எதுக்கு? வண்டி இருக்கு. விடிகாலையிலே கிளம்பினா காலை டிபன் திருச்சியிலே!" என்கிறார் குமாஸ்தா வாலிபர். மறுநாள் காலை 4 மணிக்கு மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்புகிறார்.

தாம்பரம் வரை சுகம்தான். செங்கல்பட்டு தாண்டியதும் ரோடு காலி. வாலிபர் ஆக்சிலேட்டரை முறுக்குகிறார். 80... 90... 100!

அப்போதுதான் ஆரம்பிக்கிறது கூத்து.

ஹெல்மெட் 'தடதட' என்று ஆடுகிறது. யாரோ பின்னால் இருந்து தலையைப் பிடித்து உலுக்குவது போல இருக்கிறது. காதில் 'ஹோ' என்று இரைச்சல். தூரத்தில் இருக்கும் ஊர்ப் பலகையில் எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிகிறது.

விழுப்புரத்தில் இறங்கினால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. டீக்கடைக்காரர் "சர்க்கரை போடலாமா தம்பி?" என்று கேட்கிறார். வாலிபர் காதில் அது விழவே இல்லை!

காசும் போச்சு!

"காத்து நேரா நெஞ்சுல அடிக்குதுடா. ஒரு கண்ணாடி மாட்டு, சரியாயிடும்" என்று நண்பர் யோசனை சொல்கிறார்.

சென்னையில் ஜி.பி. ரோட்டுக்குப் போனால் கிடைக்காத சாமான் உண்டா? குட்டைக் கண்ணாடி, நெட்டைக் கண்ணாடி, கறுப்புக் கண்ணாடி என்று வரிசையாகத் தொங்குகிறது. "இருக்கிறதிலேயே பெரிசா ஒண்ணு கொடுங்கண்ணே" என்று வாங்கி, அங்கேயே நாலு போல்ட் முறுக்கி மாட்டிக்கொண்டு வருகிறார்.

அடுத்த வாரம் அதே ரோடு. அதே வேகம். நெஞ்சில் இப்போது காற்று இல்லை. ஆனால் தலை ஆட்டம் முன்னைவிட இரண்டு பங்கு!

காசும் போச்சு, கழுத்தும் போச்சு. கண்ணாடி போட்ட பிறகு காற்று எப்படி அதிகமாகும்?

ஆற்றுப் பாலத்தைப் பாருங்கள்!

ஆற்றில் வெள்ளம் ஓடும்போது பாலத்தின் தூணைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தூணுக்கு முன்னால் தண்ணீர் ஒழுங்காக வரும். தூணைத் தாண்டியதும் சுழி சுழியாகச் சுற்றும். நீச்சல் தெரிந்தவர்கள் நேராக ஓடும் தண்ணீருக்குப் பயப்பட மாட்டார்கள். சுழிக்குத்தான் பயப்படுவார்கள்.

காற்றும் அப்படித்தான். நேராக வரும் காற்று மனிதனைத் தள்ளும். கொஞ்சம் குனிந்து அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் கண்ணாடியின் மேல் விளிம்பில் மோதிச் சிதறும் காற்று, சுழன்று சுழன்று வரும். கண்ணாடிக்குப் பின்னால் காற்றின் அழுத்தம் குறைவதால், பக்கவாட்டில் இருந்தும் கீழே இருந்தும் காற்று அங்கே புகுந்து குழப்பும். அந்தச் சுழல் போகும் பாதையில் ஹெல்மெட் இருந்தால் தொலைந்தது. நொடிக்குப் பல அடி!

ஆகவே கண்ணாடி குட்டையாக இருந்து தலை நல்ல காற்றில் இருக்க வேண்டும். அல்லது, சுழல் காற்று ஹெல்மெட்டுக்கு மேலே போகும் அளவுக்குக் கண்ணாடி உயரமாக இருக்க வேண்டும். இரண்டும் கெட்டான் உயரம்தான் வம்பு.

பின் சீட்டில் உட்காருகிறவர் பாடு இன்னும் மோசம். முன்னால் இருப்பவர் தலைக்கு மேலே தப்பிப் போகும் காற்று, பின்னால் இருக்கும் மனைவியின் தலையில் இறங்குவது உண்டு.

அளவு எடுக்காத தையல்காரர்

அஞ்சே கால் அடி ஆளுக்குப் பொருந்தும் கண்ணாடி ஆறடி ஆளுக்குப் பொருந்தாது. சட்டை தைக்கப் போனால் தையல்காரர் டேப்பை எடுக்கிறார். செருப்புக் கடையில் காலை நீட்டச் சொல்கிறார்கள். கண்ணாடிக் கடையில் மட்டும் யாரும் அளவு பார்ப்பதில்லை!

கடைக்காரரைக் கேட்டால், "கஸ்டமர் பெரிசாக் கேக்கறார் சார். நாங்க கொடுக்கறோம். வேண்டாம்னு சொன்னா அடுத்த கடைக்குப் போயிடுவார்" என்பார். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு நிமிஷம் வண்டியில் உட்காரச் சொல்லிப் பார்ப்பதற்கு என்ன செலவு? பொருத்தமான கண்ணாடி மாட்டியவர் நாலு பேருக்குச் சொல்வார். பொருந்தாதவர் நாற்பது பேருக்குச் சொல்வார்!

மோட்டார் சைக்கிள் கம்பெனிகளுக்கே இது லேசில் பிடிபடவில்லை. 1976-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி ஆர் 100 ஆர்.எஸ். என்ற வண்டியை வெளியிட்டது. அதன் முன்புற மறைப்பை உருவாக்க, இத்தாலியில் பினின்பரீனா நிறுவனத்தின் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். பெரிய விசிறி வைத்துப் புயல் போலக் காற்றை ஊதி, எங்கே சுழல்கிறது என்று பார்த்துப் பார்த்து வடிவம் கொடுத்தார்கள். அவர்கள் அவ்வளவு பாடுபட்ட வேலையை, நாலு போல்ட்டில் முடித்துவிடலாமா?

வீட்டிலேயே பார்க்கலாம்

காற்றுச் சுரங்கம் இல்லாவிட்டால் பரவாயில்லை. காலி ரோட்டில், நிதான வேகத்தில் போகும்போது, இடுப்பை வளைத்துத் தலையை மட்டும் கொஞ்சம் தாழ்த்திப் பார்க்கலாம். ஆட்டம் நின்றால் கண்ணாடி இன்னும் கொஞ்சம் உயரம் வேண்டும் என்று அர்த்தம். தலையை நிமிர்த்தினால் ஆட்டம் நிற்கிறதா? கண்ணாடி குட்டையாக வேண்டும்.

கண்ணாடியின் மேல் விளிம்பு ஏறக்குறைய மூக்கு மட்டத்தில் இருப்பது நல்லது. கண்ணாடிக்கு மேலாக ரோட்டைப் பார்க்க வேண்டும். கண்ணாடி வழியாகப் பார்க்கிற உயரம் கூடாது. மழையிலும், இரவில் எதிர் லாரி விளக்கிலும் கண் தெரியாமல் போய்விடும். கண்ணாடிக்கும் ஹெட்லைட்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டால், அந்த வழியே காற்று புகுந்து சுழலைக் குறைப்பதும் உண்டு.

இன்னொரு எச்சரிக்கை. ஹேண்டில்பாரில் பெரிய கண்ணாடி மாட்டினால், காற்று அந்தக் கண்ணாடியைப் பிடித்து ஹேண்டிலையே ஆட்டும். வேகத்தில் வண்டி நெளிந்தால் நிலைமை விபரீதம்!

ஆம்னி பஸ் முந்தும்போது...

ரோட்டில் தானாக வரும் காற்று போதாதென்று, பஸ்சும் லாரியும் வேறு காற்றைக் கிளப்புகின்றன. பெரிய பஸ் ஒன்று முந்திப் போகும்போது முதலில் வண்டியை வெளியே தள்ளும். மறுநொடி பஸ் பக்கமே இழுக்கும். முதல் தள்ளலுக்குப் பயந்து ஹேண்டிலைப் பஸ் பக்கம் ஒடித்தவர், இரண்டாவது இழுப்பில் மாட்டிக்கொள்கிறார்.

நெல்லையில் இருந்து நாகர்கோவில் போகும் வழியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கிறது. பக்கத்தில் முப்பந்தலில் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. காற்று பலமாக வீசும் இடம் என்பதால்தானே அங்கே நட்டார்கள்! தென்மேற்குப் பருவக் காற்றுக் காலத்தில் அங்கே பக்கவாட்டுக் காற்று வண்டியை ஓரம் கட்டிவிடும்.

இந்த இடங்களில் கையை இறுக்கினால் காற்று ஆட்டுகிற ஆட்டமெல்லாம் ஹேண்டிலுக்குப் போகும். முழங்காலால் பெட்ரோல் டேங்கை அணைத்து, கையைத் தளர்த்தி, வேகத்தைக் குறைப்பதுதான் வழி. பஸ்சுக்கு நிறைய இடம் விட வேண்டும்.

50 நிமிஷத்துக்கு இவ்வளவா?

கண்ணாடி, கை, முழங்கால் எல்லாம் இரண்டாம் பட்சம். முதல் மருந்து வேகத்தைக் குறைப்பது. அதற்குக் காசு வேண்டாம்.

வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தாக்குதல் நாலு மடங்காகும். 80-ல் இருந்து 100-க்குப் போனாலே காற்றின் அடி ஒன்றரை மடங்கு!

சென்னையில் இருந்து திருச்சி சுமார் 330 கிலோ மீட்டர். நிற்காமல் 100-ல் போனால் 3 மணி 18 நிமிஷம். 80-ல் போனால் 4 மணி 8 நிமிஷம். மிச்சமாவது வெறும் 50 நிமிஷம். கழுத்து வலியோடு வழியில் இரண்டு தடவை இறங்கிப் படுத்தால் அதுவும் போச்சு.

1955-ல் திருவொற்றியூரில் புல்லட் கம்பெனி வந்த காலத்தில் ரோடும் குறுகல், வேகமும் குறைவு. தலை ஆட்டம் பெரிய தொல்லையாக இல்லை. இன்று நாலு வழிச்சாலை. வண்டியும் பறக்கிறது. மனிதன் கழுத்தும் காதும் மட்டும் பழைய மாடல்தான்!

காது திரும்பி வராது

85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது நிபுணர்கள் கணக்கு. 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். 94 டெசிபல் என்றால் ஒரே ஒரு மணி நேரம்தான். 100 கிலோ மீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்று இரைச்சல் 94-ஐத் தொடுவது சர்வ சாதாரணம்!

கழுத்து வலிக்குத் தைலம் தேய்க்கலாம். இரைச்சலில் போன காது திரும்பி வராது. வெறும் பஞ்சு பயன்படாது. மருந்துக் கடையில் விற்கும் நுரை அடைப்பானை வாங்கி வைத்தால் இரைச்சல் அடங்கும்.

"தலை ஆடுதே, ஹெல்மெட்டே வேணாம்" என்று கழற்றி டேங்க் மேல் வைப்பவர்களும் உண்டு. இதைவிடப் பைத்தியக்காரத்தனம் வேறு இல்லை. தலைக்குச் சரியான அளவில், முகம் முழுக்க மூடிய, ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட ஹெல்மெட் அவ்வளவாக ஆடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே 2021 ஜூன் 1 முதல் குற்றம். லூசான ஹெல்மெட்டும், மாட்டாத வாரும்தான் காற்றில் எகிறும்.

கண்ணாடி விற்கிறவர் ஆளை உட்கார வைத்து அளந்து விற்கட்டும். வாங்குகிறவர் "எனக்குப் பொருந்துமா அண்ணே?" என்று கேட்டு வாங்கட்டும். ஓட்டுகிறவர் 20 கிலோ மீட்டர் வேகத்தைக் குறைக்கட்டும்.

ஊரில் அம்மா வாசற்படியில் காத்திருக்கிறாள். மகன் 50 நிமிஷம் லேட்டாக வந்தால் கோபிக்க மாட்டாள். ஆனால், "வாப்பா, சாப்பிட்டியா?" என்று அவள் கேட்பது மகன் காதில் விழ வேண்டாமா?