கடிதம் வந்த வீடு

சாயல்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் ஒரு நவம்பர் காலையில் எங்கள் துறை வாசலில் வந்து நின்றார். கரிமூட்டம் போடுகிறவர். கையில் மஞ்சள் பை. “பையனோட பெட்டிய எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன் மேடம்” என்றார். எதற்கு என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். நாங்கள் அனுப்பியதுதான். கல்லூரி முத்திரை, ஆங்கிலத்தில் நாலு வரி, கீழே வகுப்பு ஆலோசகர் என்ற இடத்தில் என் கையெழுத்து. ஊரில் இ-சேவை மையத்தில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு, “உங்க மகன காலேஜ விட்டு நிப்பாட்டிட்டாங்க” என்று சொல்லியிருக்கிறார்.

கடிதத்தில் இருந்தது அதுவல்ல. மகனின் வருகைப்பதிவு 71 சதவீதம், 75க்குக் கீழே இருக்கிறது, காரணத்தைச் சான்றோடு தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான் சேதி. செப்டம்பரில் அவனுக்கு டைபாய்டு வந்து பரமக்குடியில் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறான். அந்தச் சீட்டெல்லாம் ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவரில் வீட்டில் பத்திரமாக இருந்தது. மறுநாள் அம்மா அதைக் கொண்டுவந்து கொடுத்தார். முதல்வர் பரிந்துரைத்தார். பையன் அத்தனை தாளும் எழுதினான்.

அவர் வராமல் இருந்திருந்தால்? கேவலமாக நினைத்துக்கொண்டு, மகனைப் போனிலேயே ஊருக்கு வரச் சொல்லியிருந்தால்? அந்த நினைப்பு வருடக்கணக்காக என்னை விடவில்லை. அன்றிலிருந்து செமஸ்டர் முடிகிற மாதத்தில் என் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளுக்கு நானே போன் செய்கிறேன். கடிதம் போகட்டும், அதற்கு முன் என் குரல் தமிழில் போய்ச் சேரட்டும் என்று. அந்தப் போன்களில் நான் சொல்வதையும், அவர்கள் கேட்பதையும்தான் இந்த வாரம் எழுதுகிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில், 2021 ஒழுங்குமுறையின் கீழ் பொறியியல் படிக்கிற பிள்ளைகளின் கணக்கு இது. அதற்குப் பின் சேர்ந்தவர்களுக்கும், தன்னாட்சிக் கல்லூரிகளிலும் சில எண்கள் மாறும். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

வருகைப்பதிவில் 100 வகுப்புக்கு 75 இருக்க வேண்டும். 65க்கும் 75க்கும் நடுவில் நின்றால், உடம்புக்கு முடியாமல் போனது, விளையாட்டுப் போட்டிக்குப் போனது போன்ற காரணங்களுக்கு வழி இருக்கிறது. 65க்குக் கீழே போய்விட்டால் வழி அடைத்துவிடும். அந்த செமஸ்டரின் தேர்வை எழுத முடியாது. அடுத்த செமஸ்டருக்கும் போக முடியாது. மறு வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து அதே செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டும். ‘டிடெய்ன் ஆயிட்டான்’ என்று பிள்ளைகள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வது இதைத்தான். பல்கலைக்கழகம் விதிக்கிற எல்லாவற்றிலும் உண்மையிலேயே ஒரு வருடத்தை விழுங்கக்கூடியது முக்கியமாக இதுதான்.

ஆனால் எங்கள் வகுப்புகளில் அந்த நாள்கள் எங்கே போகின்றன என்று பார்த்தால், சினிமாவுக்கும் ஊர்சுற்றலுக்கும் போவது கொஞ்சம்தான். தாய்மாமன் வீட்டுக் காதுகுத்துக்கு மூன்று நாள், தீபாவளிக்கு முன்னால் இரண்டும் பின்னால் மூன்றும், ஊரில் முளைப்பாரிக்கு நான்கு நாள். கூப்பிட்டது வீடு. பிள்ளை வரவில்லை என்றால் கோபித்துக்கொண்டதும் வீடு. எனவே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளையை விசேஷத்துக்கு வா என்று சொல்லும் முன், “உனக்கு எத்தனை பர்சன்ட் இருக்கு?” என்று கேளுங்கள். காய்ச்சல் வந்தால் அந்த வாரமே மருத்துவச் சான்றை வாங்கி வகுப்பு ஆலோசகர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். நவம்பரில் தேடி எடுக்கிற சான்றை யாரும் அவ்வளவு எளிதில் நம்புவதில்லை.

அடுத்து அரியர். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவரிடம், “உங்க பொண்ணுக்கு ரெண்டு அரியர் இருக்குங்கய்யா” என்று போனில் சொன்னேன். “ரொம்ப சந்தோசம் மேடம், எவ்வளவு வரும்?” என்றார். முப்பது வருடப் பணியில் அவருக்கு அரியர் என்பது அகவிலைப்படி உயர்ந்தால் மொத்தமாகக் கைக்கு வருகிற பாக்கிப் பணம். நான் விளக்கிச் சொன்னதும் அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சே இல்லை. அவர் மனத்தில் ‘ஃபெயில்’ என்ற சொல் பள்ளிக்கூட அர்த்தத்தில் விழுந்துவிட்டது. ஒரு பாடத்தில் தவறினாலும் வகுப்பு முழுவதையும் திரும்பப் படிக்க வேண்டியிருந்த காலத்துப் பிள்ளை அவர்.

இங்கே அப்படியில்லை. தவறிய தாள் மட்டும்தான் பாக்கி. பிள்ளை அடுத்த செமஸ்டருக்குப் போய்விடும். நவம்பரில் விட்ட தாளை ஏப்ரல், மே தேர்விலேயே எழுதிவிடலாம். எழுதித் தேறிவிட்டால் அரியர் ‘கிளியர்’. முடிக்காமல் கையில் வைத்திருப்பதை ‘ஸ்டாண்டிங் அரியர்’ என்பார்கள். வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்கள் பெரும்பாலும் பார்ப்பது இதைத்தான். ஒரு காலத்தில் இருந்து பின்னால் முடிக்கப்பட்டதை ‘ஹிஸ்டரி’ என்கிறார்கள். சில நிறுவனங்கள் அதையும் கேட்கும். பல கேட்பதில்லை. ஒரு தாள் நின்றுவிட்டால் வீட்டில் அழுகைக்கு நேரம் ஒரு சாயங்காலம் போதும். மறுநாள் காலையில் பேச வேண்டியது ஒன்றே ஒன்று, ஏப்ரலில் அதற்குப் பணம் கட்டி எழுதுவது. அரியர் பயமுறுத்துவது சேரும்போதுதான். ஒன்று மூன்றாகி, மூன்று ஏழாகி, வீட்டில் சொல்லப் பயந்து நான்காம் வருடம் வரை மூடி வைத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். முதல் அரியரை வீட்டில் சொல்ல முடிந்த பிள்ளைக்கு ஏழு சேர்ந்து நான் பார்த்ததே இல்லை.

மார்க் கணக்கு கொஞ்சம் சிக்கலானது, இருந்தாலும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அதிகமான சண்டை வருவது இதில்தான். எழுத்துப் பாடத்துக்கு 40 மார்க் இன்டர்னல், கல்லூரிக்குள்ளேயே நடக்கும் தேர்வுகளையும் வேலைகளையும் வைத்துப் போடுவது. 60 மார்க் பல்கலைக்கழகத் தேர்வு. மூன்று மணி நேரம் 100 மார்க்குக்கு எழுதுவார்கள், அதை 60ஆகச் சுருக்குவார்கள். இரண்டும் சேர்ந்து 50 வந்தால் தேர்ச்சி. ஆனால் கூடவே ஒரு நிபந்தனை இருக்கிறது. பல்கலைக்கழகத் தேர்வில் தனியாக 45 சதவீதம் எடுத்தாக வேண்டும். அதாவது 60க்கு 27.

ஒரு பெண் இன்டர்னலில் 40க்கு 38 வாங்கியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பல்கலைக்கழகத் தேர்வில் 100க்கு 40 எடுக்கிறாள். அது 24 ஆகிறது. மொத்தம் 62. இருந்தும் அவள் தேறவில்லை. “அறுபத்திரண்டு வாங்கியும் ஃபெயிலா? நீ பொய் சொல்ற” என்று அப்பா கத்தியதாக ஒரு பெண் என்னிடம் அழுதிருக்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை. அவள் சொன்னதை நம்பிக் கேட்க வீட்டில் ஒருவருக்கு இந்த 27 தெரிந்திருக்க வேண்டும். மறுபக்கத்தையும் சொல்கிறேன். இன்டர்னலில் 15தான் இருக்கிறது என்றால், 60க்கு 35 எடுத்தால்தான் கரையேற முடியும். அது 100க்கு ஏறக்குறைய 59. பிள்ளையின் இன்டர்னல் எவ்வளவு என்பது தேர்வுக்கு முன்பே தெரிந்துவிடும். கேட்டுவைத்துக்கொண்டால் எந்தப் பாடத்தில் எவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று வீட்டுக்கும் தெரியும்.

ரிசல்ட் வரும்போது இந்த எண்கள் கண்ணில் படாது. எழுத்துதான் வரும். ஓ என்றால் 91லிருந்து 100, ஏ பிளஸ், ஏ, பி பிளஸ், பி, கடைசியில் சி, அது 50லிருந்து 55. யூ என்று வந்தால் அந்தத் தாளைத் திரும்ப எழுத வேண்டும். சி வாங்கிய பிள்ளையைத் திட்டாதீர்கள். அது தேர்ச்சி.

பீஸைப் பற்றிப் பேசக் கஷ்டமாக இருக்கிறது. தேர்வுக்கு முந்தின வாரம் ஹால் டிக்கெட் கொடுப்பார்கள். எத்தனையோ கல்லூரிகளில் மெஸ் பில் பாக்கி, பஸ் பாக்கி என்று அதை நிறுத்தி வைக்கிறார்கள். ஆபீஸ் ஜன்னல் முன்னால் மற்றவர்கள் வாங்கிக்கொண்டு போக, ஒரு பிள்ளை மட்டும் தள்ளி நிற்கும். அந்த வெயிலில் படித்தது பாதி ஆவியாகிவிடும். இது தவறு என்பதுதான் என் எண்ணம். கடனை வசூலிக்கிற இடம் அந்த ஜன்னல் அல்ல. ஆனாலும் அது நடக்கிறவரை பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பணம் புரளவில்லை என்றால் பதினைந்து நாள் முன்பே நேரில் வந்து முதல்வரைப் பாருங்கள், எந்தத் தேதிக்குக் கட்ட முடியும் என்று எழுதிக் கொடுங்கள். பிள்ளையிடம் சொல்லி அனுப்பாதீர்கள். பெரியவர்கள் பேச வேண்டியதைப் பெரியவர்களே பேச வேண்டும்.

ஹாஸ்டல் பிள்ளைகளைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். எனக்கு அதைவிடக் கவலை வீட்டிலிருந்து வந்துபோகும் பெண்பிள்ளைகள். காலை ஆறேகாலுக்குக் காலேஜ் பஸ். அதற்கு முன் தண்ணீர் பிடித்து, வாசல் தெளித்து, தம்பிக்கு டிபன் கட்டி விட்டு வருகிறார்கள். ஸ்டடி ஹாலிடேஸ் என்று லீவு விட்டால் ‘வீட்டில்தானே இருக்கிறாள்’ என்று முழு அடுப்படியும் அவள் தலையில் விழுகிறது. அதே வீட்டில் அண்ணனுக்குத் தேர்வு என்றால் டிவி சத்தம்கூடக் குறைகிறது. இதை ஒரு அம்மாவிடம் நேரில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “என்னையும் அப்படித்தான் மேடம் வளத்தாங்க, நான் பன்னெண்டாவதோட நின்னுட்டேன்” என்றார். அந்த நவம்பர் மூன்று வாரமும் அவர் மகளை அடுப்படிக்குள் விடவில்லை என்று பின்னால் அந்தப் பெண் சொன்னாள்.

தேர்வு நடக்கும் நாள்களில் காலைத் தாள் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை, மதியத் தாள் இரண்டிலிருந்து ஐந்து வரை. ஒன்று ஐந்துக்கெல்லாம் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். “எப்படி எழுதின? எத்தன மார்க் வரும்?” ஹாலை விட்டு வெளியே வந்த பிள்ளை அப்போதுதான் பக்கத்து பெஞ்சுக்காரனோடு விடையை ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு பதின்மூன்று மார்க் கேள்வி தப்பாகிவிட்டதைத் தெரிந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் நம்முடைய கேள்வியும் சேர்ந்தால் மறுநாள் தாளுக்குத் தெம்பு இருக்காது. அது கூப்பிடும்வரை பொறுங்கள். கூப்பிட்டால் அடுத்த தாள் என்றைக்கு என்று மட்டும் கேளுங்கள்.

மழைக்காலம் என்பதால் தேதிகள் நிலையாக நிற்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தேர்வுகள் தள்ளிப்போயின. கலெக்டர் விடுமுறை விட்டார் என்று டிவியில் பார்த்ததும் தேர்வு இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். பல்கலைக்கழகத்தின் அறிவிப்பு வந்ததா என்று கல்லூரிக்குப் போன் செய்து கேளுங்கள். தள்ளிவைத்த தாள் பெரும்பாலும் கடைசியில் வந்து ஒட்டிக்கொள்ளும். அப்போது ஊருக்குப் போட்ட டிக்கெட் வீணாகும். ரயிலில் இப்போது 60 நாளுக்கு முன்தான் முன்பதிவு செய்ய முடியும். அதற்குள் தேர்வு அட்டவணையும் பெரும்பாலும் முழுதாகக் கைக்கு வந்திருக்காது. கடைசித் தாளுக்கு மறுநாள் என்று கணக்குப் போட்டுப் பதிவு செய்யுங்கள். ஐந்து மணிக்குத் தாளை முடித்துவிட்டு ஆறு மணி ரயிலுக்கு ஓடச் சொல்லாதீர்கள். ஹாஸ்டல் அறையைக் காலி செய்ய வேண்டும், மெத்தை, வாளி, புத்தகம் கட்ட வேண்டும், சாவியை ஒப்படைக்க வேண்டும். இதற்கே அரை நாள் ஆகும்.

ரிசல்ட் சரியில்லை, நன்றாகத்தான் எழுதினேன் என்று பிள்ளை சொன்னால், விடைத்தாளின் நகலை வாங்கலாம். கல்லூரி வழியாக விண்ணப்பித்து நகல் வாங்கி, அந்தப் பாட ஆசிரியரிடம் காட்டி, அவர் மார்க் கூடும் என்று சொன்னால் மறுமதிப்பீட்டுக்குப் போடலாம். ஒவ்வொரு தாளுக்கும் தனிப் பணம், கெடுவோ சில நாள்கள்தான். ரிசல்ட் அன்று வீட்டில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தால் அந்த நாள்கள் போய்விடும்.

இவ்வளவும் தாண்டி ஒன்றைச் சொல்ல வேண்டும். எப்போதும் பேசுகிற பிள்ளை பேசாமல் போனால், சாப்பாட்டைத் தள்ளினால், “நான் இருந்து என்ன செய்யப் போறேன்” என்கிற மாதிரி ஒரு வார்த்தை வாயில் வந்தால், அதைத் தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். அன்றைக்கே பஸ் ஏறி வாருங்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழில் பதில் கிடைக்கும். அரசின் டெலி மானஸ் உதவி எண் அது. பிள்ளையும் பேசலாம், என்ன செய்வது என்று தெரியாத பெற்றோரும் பேசலாம். எங்கள் வகுப்பறைச் சுவரில் பெரிய எழுத்தில் அதை ஒட்டி வைத்திருக்கிறேன்.

சாயல்குடிக்காரரின் இரண்டாவது பிள்ளை, மகள், இப்போது எங்கள் துறையிலேயே மூன்றாம் வருடம் படிக்கிறாள். போன வாரம் நான் போன் செய்வதற்கு முன்பே அவர் கூப்பிட்டார். பின்னால் கரி மூட்டை ஏற்றுகிற சத்தம் கேட்டது.

“பாப்பாவுக்கு எத்தன பர்சன்ட் இருக்கு மேடம்?”

“எண்பத்திரண்டுங்கய்யா.”

“அப்ப ஏழு மிச்சம் இருக்கு. காச்சல் வந்தாத் தாங்கும்.” கொஞ்சம் நிறுத்தினார். “கடசித் தாளு மத்தியானமாம்ல. நான் மறுநா காலைல வந்து கூட்டிக்கிறேன். அன்னிக்கு ராத்திரி தூங்கட்டும்.”