பறவைத் தீனியில் கொழுப்பு

காக்கைக்குச் சோறிடுவதும், தாழ்வாரத்தில் நெற்கதிரைக் கட்டித் தொங்கவிட்டுச் சிட்டுக்குருவியை அழைப்பதும் தமிழ்நாட்டில் பழமையான வழக்கங்கள். மேனாடுகளிலோ, தானியத்தை உருக்கிய மாட்டுக்கொழுப்பிற் கலந்து உருண்டையாக்கித் தோட்டத்து மரக்கிளைகளில் தொங்கவிடுவர். இம்முறை இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் கடற்கரைக்கும் அதனையடுத்த மீஞ்சூர், பொன்னேரிக் கிராமங்களுக்கும் ஏற்றதன்று. இங்கே பறவைக்கு வேண்டிய கொழுப்பை உருக்கி ஊற்றாமல், வித்தாகவே கொடுப்பதுதான் சிலாக்கியம்.

அதற்குக் காரணம் சீதோஷ்ணமே. மேனாட்டுக் குளிர்காலத்தில் நீண்ட இரவைக் கழிக்கச் சிறு பறவை தன் உடற்கொழுப்பையே எரித்துச் சூடு காக்கிறது. இழந்ததை மறுநாள் அவசியம் ஈடுசெய்ய வேண்டும். அக்குளிரில் கொழுப்புருண்டையும் கல்லைப்போல் கெட்டியாயிருக்கும். நம் கடற்கரையில் தை மாதத்து இரவிலும் உறைபனி கிடையாது. தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரி செண்டிகிரேடிலேயே உருகிவிடும். நிழலில் 40 டிகிரியைத் தொடும் கோடை நாட்களில் மாட்டுக்கொழுப்பும் இளகி ஒழுகும்.

ஒழுகும் கொழுப்பு இறகில் ஒட்டும். இறகின் நுண்ணிய இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து நீரைத் தடுத்துக் காற்றைத் தேக்குகின்றன. எண்ணெய்ப் பசை அப்பிணைப்பைக் குலைத்துவிடுகிறது. 2017-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி எண்ணூர் காமராஜர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவியதும், 2023-ம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்து கூழைக்கடாக்களின் இறகு கறுத்ததும் இப்பகுதியார் அறிந்தவை. சமையற்கொழுப்பால் நேரும் கேடு அவ்வளவு பெரிதன்றாயினும், இறகு கெடும் விதம் ஒன்றே. பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயும் மீனெண்ணெயும் வெயிலில் விரைவில் காறிப்போகும்; அவையும் உதவா.

நிலக்கடலைப் பருப்பிலும் எள்ளிலும் ஏறக்குறையப் பாதி எண்ணெயே. உப்பிடாத பச்சைக் கடலைப்பருப்பை நொறுக்கியோ, செக்கிலாட்டிய எள்ளுப் புண்ணாக்கைப் பொடித்தோ, ஒரு நாளில் தீருமளவு மட்டும் உலர்ந்த தட்டில் வைத்தல் நலம். ஆமணக்கு, வேம்பு, புங்கம் புண்ணாக்குகள் எருவுக்கே உரியவை, தீனிக்கு ஆகா. ஆமணக்குப் புண்ணாக்கில் கொடிய நஞ்சு உண்டு.

இதனினும் முக்கியமான எச்சரிக்கை ஒன்றுண்டு. விலைபோகாத பூசணக் கடலையைப் பறவைக்கு வீசுவது தருமமாகாது. 1960-ம் ஆண்டில் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. பிரேஸில் தேசத்திலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கிலிருந்த பூசண நஞ்சே காரணமென்று பின்னர் கண்டனர். அப்ளாடாக்ஸின் என்னும் அந்நஞ்சு சாதாரணச் சமையற் சூட்டில் அழியாது. கறவைப் பசு அத்தகைய புண்ணாக்கைத் தின்றால், பால் வழியாகக் குழந்தைக்கும் சேரும். ஆகையால் கடலையைப் பிடுங்கியவுடன் நன்கு காயவைத்து, காயைக் குலுக்கினால் பருப்பு ஓசையிடும் பக்குவத்தில் ஈரமற்ற இடத்தில் சேமிப்பது பறவைக்கு மாத்திரமன்று, குடும்பத்துக்கும் பாதுகாப்பு.

கிளியும் குருவியும் கதிரைக் கொத்துவதால் பறவைகள் குடியானவனுக்குப் பகையென்பாரும் உளர். அது முழு உண்மையன்று. தானியம் தின்னும் சிட்டுக்குருவியும் தன் குஞ்சுக்குப் புழு பூச்சிகளையே ஊட்டும். கரிச்சானும் மைனாவும் வயலில் புழுக்களைப் பொறுக்குகின்றன. இவற்றுக்குத் தட்டில் வைக்கும் கொழுப்பைவிட, உட்கார இடமே தேவை. ஏக்கருக்குச் சுமார் 20 குச்சிகளைக் குறுக்குக்கோல் கட்டி நட்டுவைக்கலாம். கதிர் பால் பிடிக்கும் தருணத்தில் அவற்றை எடுத்துவிட வேண்டும்.

நிலச்சுவான்தார்கள் தம் தோட்டத்தில் ஒரு மண்தொட்டித் தண்ணீரும் சுத்தமான கடலையும் வைக்கட்டும். கிராம அதிகாரிகள் சாவடி மரங்களைக் காத்து, பூசணக் கடலையின் தீமையைக் களத்து மேட்டிலேயே எடுத்துரைக்கட்டும். மனிதன் உண்ணத் துணியாத கடலையும் எண்ணெயும் பறவைக்கும் ஆகாதென்பதை ஒவ்வொரு வீட்டாரும் விதியாகக் கொள்ளல் வேண்டும்.