கிராமத்துக் காத்து சுத்தம்தான்னு அளந்து பாத்தீங்களா?



பள்ளி அறிவியல் கண்காட்சியில இந்தப் பரிசோதனையை நீங்களும் பாத்திருப்பீங்க. வெள்ளை அட்டையில வாசலின் தடவி, ஒண்ணை நகரத்து மெயின் ரோட்டுல, இன்னொண்ணை கிராமத்துல தொங்க விடுவாங்க. ரெண்டு நாள் கழிச்சு லென்ஸ் வச்சு தூசியை எண்ணுவாங்க. நகரத்து அட்டை கருத்திருக்கும். "கிராமத்துக் காற்றே தூய்மையானது"ன்னு சார்ட்ல எழுதிடுவாங்க.

மாணவர்களைக் குறை சொல்லல. அளந்து பாக்கணும்னு தோணுச்சே, அதுவே பெருசு. ஆனா அதே கிராமத்துல அட்டையை வேப்பமரத்தடியில மாட்டாம, விறகடுப்பு எரியுற சமையலறையிலயோ, செங்கல் சூளை பக்கத்திலயோ, ஜல்லி லாரி போற மண் ரோட்டுலயோ மாட்டினா? முடிவே மாறிடலாம்.

இன்னொண்ணு. அட்டையில தெரியறது பெரிய தூசி. நுரையீரலோட ஆழம் வரைக்கும் போறது பிஎம் 2.5. தலைமுடி தடிமன்ல ஏறக்குறைய முப்பதுல ஒரு பங்கு. அதை அளக்கக் கருவி வேணும்.

கருவி எங்க இருக்கு? மணலியில இருக்கு, ஆலந்தூர்ல இருக்கு. உங்க ஊராட்சியில இருக்கா? 2019ல ஒன்றிய அரசு கொண்டு வந்த தேசிய தூய காற்றுத் திட்டத்தோட இலக்கும் நிதியும் சுமார் 130 நகரங்களைச் சுத்தித்தான். கிராமத்தான் மூச்சு விடறது கணக்குலயே இல்லையா?

பிஎம் 2.5 ஆண்டு சராசரிக்கு இந்தியா வச்சிருக்கிற வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்னது 5. எட்டு மடங்கு தாராளமான வரம்பு. அதையாவது நம்ம ஊர் தாண்டுதா இல்லையான்னு சொல்ல நம்மகிட்ட ஒரு எண் கூட இல்ல. எண் இல்லாத புகார் என்ன ஆகும்னு மனு குடுத்து அலைஞ்சவங்களுக்குத் தெரியும். "ஆதாரம் எங்கே?" அவ்வளவுதான்.

அதனால நாம கேக்க வேண்டியது:

1. ஒவ்வொரு ஒன்றியத்துலயும் ஒரு அரசுப் பள்ளியிலாவது காற்றுமானி. சில ஆயிரம் ரூபாய்க்கே சென்சார் கிடைக்குது. ஈரப்பதம் கூடினா அளவைக் கூட்டிக் காட்டும். அதனால முதல்ல அரசு நிலையத்துக் கருவி பக்கத்துல சில நாள் வச்சு ஒப்பிட்டுத் திருத்திக்கணும். இது பிள்ளைகளுக்கே நல்ல பாடம்.

2. அந்த அளவு பள்ளிச் சுவர்லயும் ஊராட்சி அலுவலகத்துலயும் எல்லார் கண்ணுக்கும் தெரியணும்.

3. சூளை, கிரஷர் உரிமம் புதுப்பிக்கும்போது அந்த எண்ணையும் பாக்கணும்.

தமிழ்நாட்டுல வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்குது. அடுத்த கூட்டத்துல நீங்க எழுந்து இதைத் தீர்மானமா கொண்டு வாங்க. நகரத்துக்காரனுக்கு ஒரு நுரையீரல், கிராமத்தானுக்கு வேற நுரையீரல் கிடையாது. சமூகநீதின்னா மூச்சுக்கும் சேத்துத்தான்.

உங்க ஊர்ல புகை எங்கிருந்து வருதுன்னு கமெண்ட்ல எழுதுங்க. பகிருங்க.

#ஊருக்கொரு_காற்றுமானி