பத்தியத்தை விட்டுவிட்டோம்

பெரியப்பாவின் வலது கால் பெருவிரலில் முதலில் வந்தது ஒரு கொப்புளம். புதுச் செருப்பு கடித்துவிட்டது என்றார். சோளக்கொல்லையிலிருந்து வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து காலைத் தூக்கிக் காட்டினார். கொப்புளம் உடைந்து, சுற்றியிருந்த தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தது. "வலிக்குதா பெரியப்பா?" என்று கேட்டேன். "வலியே இல்லடா தம்பி. கால்தான் கொஞ்ச நாளா மதமதன்னு இருக்கு" என்றார். வலி இல்லை என்றதும் திண்ணையில் இருந்த அத்தனை பேருக்கும் நிம்மதி. பெரியம்மா மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்து வைத்துத் துணியால் கட்டிவிட்டார்.

பன்னிரண்டு வருஷம் சர்க்கரை இருக்கிற உடம்பில் புண் வலிக்கவில்லை என்றால், கால் நரம்பு உணர்ச்சியை இழந்துவிட்டது என்று பொருள். வலிக்காத புண்ணுக்குத்தான் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டும். திண்ணையில் அதை யாரும் சொல்லவில்லை. ஐந்து வாரம் கழித்து முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள்.

எங்கள் ஊர் விக்கிரமங்கலத்தில் இதை விதி என்று பேசி முடித்துவிட்டோம். விதி இல்லை. நாங்கள் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் எழுதி வைக்கிறேன். நாங்கள் என்று சொல்லும் இடத்திலெல்லாம் நானும் இருக்கிறேன்.

கால் போவதற்கு ஆறேழு மாதம் முன்பே பெரியப்பா மாத்திரையை நிறுத்தியிருந்தார். சிறுகுறிஞ்சான் பொடி போதும் என்று முடிவு செய்திருந்தார். வேலியில் படர்ந்து கிடக்கும் கொடிதான். அதன் இலையை மென்றுவிட்டு ஒரு வாய் சர்க்கரையைப் போட்டால் மணலைத் தின்பது போல இருக்கும். இனிப்பு கொஞ்ச நேரத்துக்கு நாக்குக்குத் தெரியாது. சர்க்கரைக்கொல்லி என்று பேர் வந்தது அதனால்தான். பெரியப்பா எங்களை வரிசையாக நிற்க வைத்து மெல்லக் கொடுத்தார், நாங்களும் மென்று பார்த்து அசந்துபோனோம். நாக்கில் இனிப்பை அழிக்கிற இலை ரத்தத்தில் அழிக்காதா என்று எங்களில் படித்தவர்களே பேசினோம். ரத்தத்தைச் சோதித்துப் பார்ப்போம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அந்தப் பொடியைக் கொடுத்த வைத்தியர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொன்னது அவர் இல்லை. ராத்திரி சோற்றை விடுங்கள், விடிகாலையில் நடங்கள், மாதம் ஒருமுறை ரத்தம் பாருங்கள், இதைச் செய்தால்தான் பொடி என்று சொல்லித்தான் கொடுத்தார். கூட இருந்து கேட்டேன். பொடியை வாங்கி வந்தோம். சொன்ன மூன்றையும் அந்த வாசலிலேயே விட்டுவிட்டோம்.

என் அப்பாயி காலத்தில் மருந்து பாதி, பத்தியம் பாதி. மஞ்சள்காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தால், உப்பு இல்லை, புளி இல்லை, எண்ணெய் தாளிப்பு இல்லை, வெயிலில் வேலை இல்லை. பத்தியம் முறிந்தால் வைத்தியர் மறுபடி மருந்து தரமாட்டார். நாங்கள் இலையை மட்டும் வைத்துக்கொண்டு பத்தியத்தைத் தூக்கிப் போட்டுவிட்டோம். ஆங்கில மருத்துவத்துக்கும் ஒரு பத்தியம் உண்டு. மாத்திரையை நேரத்துக்குப் போடுவது, சொன்ன நாள் வரைக்கும் விடாமல் போடுவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போவது, உப்பைக் குறைப்பது எல்லாம் அதில் சேர்த்தி. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது. ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று ஒரே வேளையில் அதைத் தாண்டிவிடுகிறோம். இரண்டு வைத்தியத்திலும் எங்களுக்குச் சிரமம் இல்லாத பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். எங்கள் குற்றம் இதுதான்.

என் அம்மாவுக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். மூட்டுவலி. மெடிக்கலில் போய் "ஒரு செட்டு குடுங்க" என்று கேட்டால், சின்னக் காகித உறையில் ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், பாதியாக ஒடித்த ரோஸ் கலர் மாத்திரை என்று போட்டுக் கொடுப்பார்கள். அட்டை இருக்காது, பேர் இருக்காது. மறுநாள் அம்மா எழுந்து நடப்பார், களை எடுக்கப் போவார். வாரத்துக்கு இரண்டு செட்டு, நாலு வருஷம். வாங்கி வந்து கொடுத்தது நான். முகம் உப்பி வந்தபோது, "இப்பத்தான் அத்தாச்சி உடம்பு தேறி இருக்காங்க" என்று தெருவில் எல்லாரும் சொன்னார்கள். நாங்களும் சந்தோஷப்பட்டோம். வருஷக்கணக்கில் உள்ளே போன ஸ்டீராய்டு முகத்தில் காட்டிய வீக்கம் அது. வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைத் தின்றுகொண்டிருந்தன. கிரியேட்டினின் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது அப்படித்தான். இப்போது எங்கள் தெருப் பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் சாதாரணமாகப் பேசும் சொல் அது. கடைக்காரரைத் திட்டுகிறவர்கள் உண்டு. சீட்டு இல்லாமல், என்ன மாத்திரை என்று கேட்காமல், கடைக்குப் போய் நின்றது நாங்கள். "ஊசி போட்டாத்தான் கேக்கும்" என்று சொல்லிச் சொல்லி, ஊசி போடாத டாக்டரைக் கைராசி இல்லாதவர் ஆக்கியதும் நாங்கள்.

2012-இல் தமிழ்நாட்டில் டெங்கு பரவியபோது அரசே நிலவேம்புக் குடிநீர் கொடுத்தது. நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் சேர்த்து ஒன்பது சரக்கு. கசப்புக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு வரிசையில் நின்று குடித்தோம். குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் கொல்லையில் கொட்டாங்கச்சி, பழைய டயர், உடைந்த குடம், எல்லாவற்றிலும் மழைத் தண்ணீர் நின்றது. டெங்குக் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. இப்படித் தேங்கி நிற்கும் தெளிந்த தண்ணீர்தான் அதற்கு வேண்டும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை அந்தக் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்திருந்தால் போதும். குனிந்து கவிழ்க்க எங்களால் முடியவில்லை.

எங்கள் உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் பக்கம் வரகு விளைந்த பூமி. அப்பாயி வரகு திரித்ததைப் பார்த்திருக்கிறேன். அதன் உமி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும். நெல் போல லேசில் விடாது. அதற்கென்று களிமண்ணில் செய்த திருகை இருந்தது. இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து பிடியை மாறி மாறி இழுப்பார்கள். பிறகு முறத்தில் புடைப்பு, உரலில் குத்து. ஒரு படி அரிசிக்குக் காலைப் பொழுது போய்விடும். அந்த வேலையை மறுபடி பெண்கள் தலையில் கட்ட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பழைய காலமே ஆரோக்கியம் என்றும் சொல்ல மாட்டேன். அப்பாயி பெற்றது ஒன்பது, தங்கியது நாலு. அம்மை கொண்டுபோன பிள்ளைகளைத் தடுப்பூசி காப்பாற்றியிருக்கும். ஆனால் திருகை போனபோது அதோடு உடம்பு அசைவதும் போயிற்று, நடை போயிற்று, ரேஷன் அரிசிச் சோறு மூன்று வேளையும் வந்தது. இப்போது பாக்கெட்டில் வரகரிசி வாங்கி, தட்டு நிறையத் தின்றுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தால் அதுவும் சர்க்கரையாகத்தான் ஏறும்.

இதைச் சும்மா சொல்லவில்லை. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2006-இல் வெளியானது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரைச் சுமார் இரண்டரை ஆண்டு கவனித்தார்கள். சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்கு செய்தவர்களிடம் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை போட்டவர்களிடம் 26.4 சதவீதம். ஏறக்குறைய ஒரே அளவு. சாப்பாட்டு ஒழுங்குக்கும் நடைக்கும் ஒரு மாத்திரையின் பலம் இருக்கிறது என்று நம் நாட்டுக்காரர்கள் உடம்பிலேயே காட்டிவிட்டார்கள். அது நோய் வருவதற்கு முன்னால். வந்த பிறகு, நரம்பும் சிறுநீரகமும் பழுதாகும் நேரத்தில், நடையோடு மாத்திரையும் வேண்டும். பெரியப்பா "இங்கிலீஷ் மருந்து, சூடு" என்று ஒதுக்கிய அதே மெட்ஃபார்மினுக்கு மூலம் ஐரோப்பாவில் கிராமத்து வைத்தியத்தில் பயன்பட்ட ஒரு செடி. 1957-இல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் மெட்ஃபார்மினை நோயாளிகளுக்கு மாத்திரையாகக் கொண்டுவந்தார். பச்சிலைக்கும் மாத்திரைக்கும் நடுவில் நாங்கள் கட்டிய சுவர் அந்தச் செடிக்குத் தெரியாது.

இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது நேற்று வந்த யோசனையும் அல்ல. 1921-இல் சென்னை மாகாண அரசு நாட்டு மருத்துவத்தை ஆராய முகமது உஸ்மான் தலைமையில் குழு போட்டது. அதன் செயலாளர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி ஆங்கில மருத்துவம் படித்தவர். பிறகு சென்னையில் சித்தா, ஆயுர்வேதம், யுனானிக்கென்று அரசுப் பள்ளி வந்தபோது அவரே முதல்வரானார். இன்று அரசு ஆஸ்பத்திரிகள் பலவற்றில் சித்த மருத்துவர் அடுத்த அறையிலேயே இருக்கிறார். நாங்கள் என்ன செய்கிறோம்? ஆங்கில டாக்டரிடம் பொடி சாப்பிடுவதைச் சொல்வதில்லை, திட்டுவார் என்று. சித்த மருத்துவரிடம் மாத்திரை போடுவதைச் சொல்வதில்லை. இரண்டு பேரிடமும் பாதி உடம்பைக் காட்டிவிட்டு மீதியை மறைத்து வைத்துக்கொள்கிறோம்.

பாம்புக்கடியில் மட்டும் இந்தச் சேர்த்துப் பார்க்கும் பேச்சே கூடாது. வேர், கீறல், மந்திரம் என்று முந்திரித்தோப்பிலேயே ஒரு மணி நேரத்தைத் தொலைத்துவிட்டு வண்டி தேடியிருக்கிறோம். விஷமுறிவு ஊசி ஒன்றுதான் வழி.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்றது; அவர்களில் எங்களைப் போல மாத்திரைக்காக ஒருநாள் கூலியை விட முடியாதவர்களும் உண்டு. பெரியப்பா வீட்டுக்கும் மாத்திரை கொண்டுவரும் பெண் மாதாமாதம் வந்தார். காலை எடுத்த பிறகு பெரியம்மா பரணிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை இறக்கினார். உள்ளே மாத்திரை அட்டைகள், ரப்பர் பேண்டு போட்டு, மாதவாரியாக. ஒரு குமிழ்கூட உடைக்கவில்லை. "வேணாம்னா அந்தப் புள்ள மனசு கஷ்டப்படும்னு வாங்கி வாங்கி வச்சாரு" என்றார்.

மறுத்துச் சொல்லத் தயக்கம். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசத் தயக்கம். இந்த ஊரில் மரியாதை என்று நாங்கள் சொல்வது பல நேரம் இதுதான்.

இப்போது சாயங்காலத்தில் பெரியப்பாவின் இடது காலை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் நிற்காமல் துடைத்து, வெடிப்பு, கொப்புளம் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. குனிந்து பார்க்க அவரால் முடியாது. நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி முகம் பார்க்கும் கண்ணாடியைப் பாதத்துக்குக் கீழே பிடிப்பேன். அவர் கண்ணாடிக்குள் தன் உள்ளங்காலைப் பார்ப்பார். போன மாதம் ஒருநாள் அப்படிப் பிடித்திருக்கும்போது கேட்டார்.

"வலி இல்லேன்னு சொன்னேனே, அன்னைக்கே உனக்குத் தெரியுமாடா?"

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போன ஆஸ்பத்திரியின் சுவரில், அதற்கு முந்தின மாதம்தான் படம் போட்டு எழுதியிருந்ததைப் படித்திருந்தேன்.

"தெரியும் பெரியப்பா."

கொஞ்ச நேரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் சாச்சுப் பிடி" என்றார்.