வெயில் நடத்தும் பரீட்சை



மொட்டை மாடியில் துணி காயப்போட அம்மாவுக்கு உதவி செய்திருக்கிறீர்களா? போன ஞாயிற்றுக்கிழமை நானும் அந்த வேலையில் இறங்கினேன். கொடியில் இருந்த நீல கிளிப்பை அழுத்தியதும் 'பட்'! பாதி கையில், பாதி தரையில். சட்டை பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில்!

அந்த கிளிப்பை வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. அதே அட்டையில் வந்த இன்னொரு நீல கிளிப், சமையலறையில் ரவை பாக்கெட்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டு இன்னும் புத்தம் புதிதாக இருக்கிறது. இரட்டைப் பிறவிகளில் ஒன்று மட்டும் கிழமாகிவிட்டது. எப்படி?

பிளாஸ்டிக்கின் உள்ளே மிக நீளமான சங்கிலிகள் போன்ற மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. அதனால்தான் அது வளைகிறது, இழுத்தால் தாங்குகிறது. சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் இருக்கின்றன அல்லவா? அவை இந்தச் சங்கிலிகளை அறுக்கின்றன. அறுந்த இடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டு, மேலும் அறுபட வழி செய்கிறது. சூடு அதை இன்னும் வேகப்படுத்துகிறது. முதலில் நிறம் வெளுக்கும். பிறகு தடவினால் விரலில் பொடி ஒட்டும். கடைசியில் 'பட்'!

இப்போது ஒரு கேள்வி. கடையில் ஒரு தண்ணீர்த் தொட்டி. '10 வருட உத்தரவாதம்' என்று எழுதியிருக்கிறது. ஆனால் அந்த ரகமே போன வருடம்தான் விற்பனைக்கு வந்தது. 10 வருடம் உழைக்கும் என்று இவர்களுக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியைக் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். (கோபித்துக்கொண்டால் நான் பொறுப்பல்ல!)

பதில், பொருள்களுக்கும் பரீட்சை உண்டு என்பதுதான். அமெரிக்காவின் தெற்கு ஃபுளோரிடாவில் 1930களிலிருந்தே இந்தப் பரீட்சை நடக்கிறது. பெரிய மைதானம். வரிசை வரிசையாகச் சாய்வான சட்டங்கள். அவற்றில் பிளாஸ்டிக் துண்டுகள், பெயின்ட் அடித்த தகடுகள், கார் பாகங்கள் எல்லாம் தெற்குப் பார்த்து மாட்டப்பட்டிருக்கும். வெயில், மழை, இரவுப் பனி எல்லாவற்றையும் அவை வருடக்கணக்கில் தாங்க வேண்டும். அங்கே ஏன்? கடும் வெயிலோடு ஈரமும் அதிகம் என்பதால்தான். வறண்ட வெப்பத்துக்கு அரிசோனா பாலைவனம். அங்கே இன்னொரு வேடிக்கையும் உண்டு. சூரியனோடு சேர்ந்து திரும்பும் 10 கண்ணாடிகள், வெயிலை ஒன்றுசேர்த்து ஒரே துண்டின் மேல் அடிக்கும். பாவம் அந்தத் துண்டு!

ஒவ்வொரு பொருளிலும் ஒரு துண்டை இருட்டறையில் பத்திரமாக வைத்துவிடுவார்கள். நம் ரவை பாக்கெட் கிளிப் மாதிரி. அது இல்லாவிட்டால், வெயிலில் கிடந்தது எவ்வளவு மாறியது என்று எதோடு ஒப்பிடுவது?

10 வருடம் காத்திருக்க முடியாதவர்களுக்கு இயந்திரம் இருக்கிறது. அலமாரி போன்ற ஒரு பெட்டி. உள்ளே சூரிய ஒளியைப் போன்ற ஒளி தரும் செனான் விளக்கு. நடுநடுவே தண்ணீர் பீய்ச்சும். இரவு பகல் பாராமல் ஓடும். 'அப்படியானால் இதிலேயே எல்லாவற்றையும் சோதித்துவிடலாமே' என்றுதான் நமக்குத் தோன்றும். அங்கேதான் சிக்கல். சில சோதனை விளக்குகளின் கதிர்கள், தரைக்கு வரும் சூரியக் கதிர்களைவிடக் கடுமையானவை. வெளியே அவற்றை ஓசோன் படலம் வடிகட்டிவிடுகிறது. பெட்டிக்குள் ஓசோன் படலம் ஏது? அதனால் நல்ல பொருள் தோற்று, சுமாரான பொருள் ஜெயித்துவிடுவதும் உண்டு. 'பெட்டிக்குள் இத்தனை மணி நேரம் என்றால் வெளியே ஒரு வருடம்' என்று எல்லாப் பொருளுக்கும் பொதுவான வாய்ப்பாடு கிடையாது. அப்படி யாராவது அடித்துச் சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும். கவனமான விஞ்ஞானிகள், பெட்டியில் கிடைத்த விடையை வெயிலில் கிடைத்த விடையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் விடமாட்டார்கள்.

இப்படிப் பொறுமையாக உழைத்த ஒருவரைச் சொல்கிறேன். வால்டர் லிங்கன் ஹாக்கின்ஸ். 1942-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே விஞ்ஞானியாகச் சேர்ந்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான். அந்தக் காலத்தில் தொலைபேசிக் கேபிள்களுக்கு ஈய உறை போடுவார்கள். கனம், செலவு, நஞ்சு வேறு. பிளாஸ்டிக் உறை போடலாம் என்றால், வெயிலில் வெடித்துவிடுகிறது.

மிக நுண்ணிய கரித்தூளைக் கலந்தால் அது புற ஊதாக் கதிர்களை விழுங்கிவிடும். ஆக்சிஜனின் சேட்டையை அடக்கத் தனி மருந்துகளும் இருந்தன. இரண்டையும் சேர்த்தால் முடிந்ததே! முடியவில்லை. கரித்தூள் பக்கத்தில் வந்ததும் பல மருந்துகள் வேலை செய்ய மறுத்தன. ஹாக்கின்ஸும் அவரது சகா வின்சென்ட் லான்சாவும் விடாமல் சோதித்து, கரித்தூளோடு ஒத்துப்போகும் மருந்துகளைக் கண்டுபிடித்தார்கள். கேபிள்கள் பல பத்தாண்டுகள் தாங்கின. 1992-ல் ஹாக்கின்ஸுக்கு அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது.

மாடித் தொட்டிகளில் பல ஏன் கறுப்பாக இருக்கின்றன என்று இப்போது புரிகிறதா? அந்தக் கறுப்பு, கரித்தூளின் கறுப்பு. அழகுக்காக அல்ல!

பரீட்சையில் தேறாத பொருள் கிளிப்பாக இருந்தால் சட்டையோடு போகும். மின்சார ஒயராக இருந்தால்? உங்கள் மாடியில் ஒயர் உறை வெடித்திருந்தால் தொடாதீர்கள். உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். நொறுங்கிய பிளாஸ்டிக் துண்டுகளையும் மாடியிலேயே விடாதீர்கள். அவை மட்காது. மேலும் மேலும் பொடியாகி, மழைநீரோடு சாக்கடைக்கும் ஆற்றுக்கும் போய்ச் சேரும்.

நீங்களும் ஒரு பரீட்சை நடத்துகிறீர்களா? ரப்பர் பேண்ட், கழுவிய பால் பாக்கெட் கவர், சிவப்பு சார்ட் பேப்பர். ஒவ்வொன்றிலும் இரண்டு எடுங்கள். ஒன்றை மாடியில் வெயில் படும் இடத்தில் கட்டுங்கள். மற்றொன்றை டப்பாவில் மூடி அலமாரியில் வையுங்கள். வாரம் ஒருமுறை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறம், வளைவு, விரிசல் எல்லாவற்றையும் நோட்டில் குறியுங்கள். எது முதலில் தோற்கும் என்று இப்போதே ஊகித்து எழுதிவிடுங்கள். பிறகு மாற்றக்கூடாது!

டப்பாவின் மேல் தேதியையும் உங்கள் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் குப்பை என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.