ஓசி டிக்கெட்டும் ஆறு லட்சம் கோடியும்

இலவசங்கள்தான் கஜானாவைக் காலி செய்கின்றனவாம். சிக்கனம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டுமாம். இராணுவச் செலவைப் பற்றி மட்டும் வாய் திறக்கக் கூடாதாம், திறந்தால் தேசத்துரோகி. குன்றத்தூர் டீக்கடை முதல் தொலைக்காட்சி விவாதம் வரை இதுவே வேதவாக்கு.

அந்த இலவசத்தையே முதலில் பார்ப்போம். ஒரகடம் கம்பெனிப் பேருந்து எல்லாரையும் ஏற்றிக்கொள்வதில்லை. கான்ட்ராக்ட்டில் கேன்டீன் பாத்திரம் தேய்க்கும் பெண் ஒயிட் போர்டு பஸ்ஸுக்குத்தான் காத்து நிற்கிறார். கண்டக்டர் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துத் தருகிறார். மிச்சமான காசு சாயங்காலமே பாலுக்கும் காய்கறிக்கும் போய்விடுகிறது. பெண்களுக்கான இந்த இலவச 'விடியல் பயணம்' திட்டத்துக்கு 2025-26இல் தமிழக அரசு ஒதுக்கியது 3,600 கோடி ரூபாய்.

அதே ஆண்டு மத்திய அரசு பாதுகாப்புக்கு ஒதுக்கியது 6.81 லட்சம் கோடி. சீனாவையும் பாகிஸ்தானையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படையே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தொகை பெருத்தால் பாதுகாப்பும் பெருகிவிடுமா? 2024-25இல் ஆயுதத் தளவாடங்கள் உள்ளிட்ட மூலதனச் செலவுக்கு ஒதுக்கியது 1.72 லட்சம் கோடி. திருத்திய மதிப்பீட்டில் அதில் 12,500 கோடி குறைந்தது. மூன்று வருஷ விடியல் பயணத்துக்கு அது தாராளம். அது மத்தியக் கணக்கு, இது மாநிலக் கணக்கு என்பார்கள். வரி கட்டுபவர் ஒருவர்தானே?

பாதுகாப்புத் துறையில் சிக்கனமே நடக்கவில்லை என்பதும் பொய். நடந்தது, சிப்பாயின் வயிற்றில். 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் பணி நான்கே வருஷம். நூற்றுக்கு 25 பேர் வரைதான் நீடிக்கலாம். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு ஊர் திரும்ப வேண்டும். பென்ஷனும் கிடையாது, கிராஜுவிட்டியும் கிடையாது. படையை இளமையாக்கத்தான் என்கிறது அரசு. 'ஜெய் ஜவான்' என்று முழங்குகிறவர்கள், அந்த ஜவானின் பென்ஷன் போனபோது ஏன் வாயடைத்து நின்றார்கள்?

கணக்குக் கேட்பது துரோகமல்ல. போஃபர்ஸ் பீரங்கி பேரத்தின் ஓட்டைகளை 1989இல் நாடாளுமன்றத்தில் வைத்ததே அரசின் தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கைதான். நாடாளுமன்றமோ, பாதுகாப்பு மானியக் கோரிக்கையைப் பல ஆண்டுகள் விவாதமே இல்லாமல் கில்லட்டின் முறையில் நிறைவேற்றியிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் தொகுதியில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இத்தனை லட்சம் கோடி எங்கே போகிறது என்று சபையில் எழுந்து கேட்பீர்களா, மாட்டீர்களா?