உருள்பட்டை எங்கே போயிற்று?

எனக்குச் சிலப்பதிகாரம் கற்பித்த பேராசிரியர் முத்தியால்பேட்டையில் வசிக்கிறார். எண்பதை நெருங்கும் வயது. கைகளில் நடுக்கம் கண்டு சில ஆண்டுகள் ஆகின்றன. அச்சுப் புத்தகத்தின் எழுத்துகள் கண்ணுக்கு எட்டாமல் போனதிலிருந்து கணினியில்தான் படிக்கிறார்; எழுத்தை விரல் பருமனுக்குப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு நாள்தோறும் காலையில் இரண்டு மணி நேரம். பழைய மேசைக்கணினி உயிரை விட்டபோது வெளியூரில் இருக்கும் மகன் புதிய மடிக்கணினி ஒன்றை வாங்கி அனுப்பினார். நான் போய் அதை இயக்கிக் கொடுத்து, சிலம்பின் மூலம் முழுவதும் ஒரே பக்கமாக இருக்கும் கோப்பைத் திறந்து வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை தொலைபேசி. "தம்பி, சிலம்பு முழுவதும் இருக்கிறது என்று சொல்லித்தானே கொடுத்தாய்? பதிகத்தில் சில அடிகள் மட்டுமே இருக்கின்றன. மிச்சத்தை யார் எடுத்தது?"

யாரும் எடுக்கவில்லை. மிச்சம் திரைக்குக் கீழே இருந்தது. அது இருக்கிறது என்று சொல்வதற்குத் திரையில் எதுவும் இல்லை, அவ்வளவுதான். பழைய கணினியில் வலப்பக்க ஓரத்தில் ஓர் அகலமான சாம்பல் நிறப் பட்டை எப்போதும் நின்றுகொண்டிருக்கும். அதன் அடியில் ஓர் அம்புக்குறி. அதை அழுத்தினால் பாடல் மேலே ஏறும். ஐயா கற்றுக்கொண்ட கணினி வித்தையில் பாதி அதுதான். புதிய கணினியில் அந்தப் பட்டை தேவைப்படும்போது தோன்றிப் பிறகு மறைந்துவிடுமாம். தோன்ற வேண்டுமானால் இரண்டு விரல்களைத் தொடுதளத்தில் வைத்து ஒருசேர இழுக்க வேண்டும். நடுங்கும் கைக்கு இரண்டு விரல்களும் ஒருசேர எங்கே நகரும்? பக்கத்தைக் கீழே தள்ளும் தனி விசையும் அந்தச் சின்ன விசைப்பலகையில் இல்லை. வேறொரு விசையோடு சேர்த்து அழுத்த வேண்டும். எந்த நிறுவனத்தின் கணினி என்பது இங்கே முக்கியமன்று. இன்று ஏறக்குறைய எல்லோரும் இதையே செய்கிறார்கள்.

உருள்பட்டையைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எனக்கும் அன்றுவரை அப்படித்தான் தோன்றியிருக்கும். வாசிப்பில் நம் கண் எழுத்தின்மேல் இருந்தாலும், கை வேறொன்றை அளந்துகொண்டே இருக்கிறது. நாவலின் இடப்பக்கம் தடித்து வலப்பக்கம் மெலியும்போது முடிவு நெருங்குவதை விரல்கள் அறிந்துகொள்கின்றன. ஓலைச்சுவடியிலும் அப்படியே. இங்கே புனித லூயி வீதியில் 1955ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் பிரெஞ்சு நிறுவனத்தில், கட்டுக் கட்டாக அடுக்கிய சுவடிகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். (அந்நிறுவனத்திலும் துமாஸ் வீதியில் உள்ள தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுப் பள்ளியிலும் இருக்கும் சைவச் சுவடித் தொகுப்பை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது, ஏறத்தாழ 11,000 சுவடிகள்.) துளையில் கோத்த கயிற்றின் ஒருபுறம் படித்து முடித்த ஏடுகள், மறுபுறம் படிக்க வேண்டியவை. ஏட்டின் ஓரத்தில் எண். எங்கே நிற்கிறோம் என்று கேட்க வேண்டிய தேவையே அந்த வாசகனுக்கு இல்லை.

திரையில் அந்தத் தடிமன் இல்லை. அதற்கு ஈடாக நமக்குக் கிடைத்தது உருள்பட்டை ஒன்றுதான். அதுவும் தொடக்கத்திலேயே முழுமையாகக் கிடைக்கவில்லை. பழைய விண்டோஸில் பட்டைக்குள் நகரும் கட்டை எப்போதும் ஒரே அளவுள்ள சதுரம். எங்கே இருக்கிறோம் என்று சொல்லும், நூல் எவ்வளவு பெரிது என்று சொல்லாது. விண்டோஸ் 95இல்தான் கட்டையின் நீளம் நூலின் நீளத்துக்கு ஏற்ப மாறத் தொடங்கியது. கட்டை நீளமாக இருந்தால் சிறு கட்டுரை. சுண்டுவிரல் நகம்போலச் சுருங்கியிருந்தால் காப்பியம். ஒரு பார்வையில் நூலின் உருவம் தெரிந்துவிடுகிறது. இவ்வளவு சொல்லும் கருவிக்கு நம்மவர்கள் உருள்பட்டை என்று பெயரிட்டார்கள். அது உருள்வதில்லை, நழுவுகிறது; ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. மேலைநாட்டார் தங்கள் பழைய சுருளேட்டை நினைத்துப் பெயர் வைத்தார்கள், நாம் அதை அப்படியே வாங்கிக்கொண்டோம். நம்மிடமும் ஓலைச்சுருள் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் மடலுக்கு. நூலை நாம் சுருட்டியதில்லை, அடுக்கினோம்.

இடம் தெரிவதால் வாசிப்பில் என்ன மாறுகிறது என்பதற்கு ஐயாவின் சிலம்பையே எடுத்துக்கொள்ளலாம். முப்பது காதைகள், புகார்க் காண்டம் பத்து, மதுரைக் காண்டம் பதின்மூன்று, வஞ்சிக் காண்டம் ஏழு. கோவலன் வெட்டுண்டு விழும் கொலைக்களக் காதை பதினாறாவது. கதை தெரியாத ஒருவர் முதன்முறையாகப் படித்துக்கொண்டு வந்து, நாயகன் மாண்ட இடத்தில் நிமிர்ந்து பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வலப்பக்கத்துக் கட்டை ஏறக்குறைய நடுவில் நிற்கிறது. இன்னும் பதினான்கு காதைகள் கீழே இருக்கின்றன. அந்தக் கணத்தில் அவருக்கு ஒன்று உறைக்கும்: இது கோவலன் கதையன்று. இளங்கோ எழுப்ப விரும்பிய கேள்வியும் அதுவேயல்லவா? பட்டை மறைக்கப்பட்ட திரையில் அந்த வாசகருக்குக் கொலைக்களக் காதை ஒரு நிகழ்ச்சி, அடுத்து வருவது இன்னொரு நிகழ்ச்சி. நூலின் கட்டுமானம் அவர் கண்ணில் படாமலே போய்விடும்.

திருக்குறளில் இந்தக் கணக்கு இன்னும் துல்லியம். எல்லா அதிகாரத்திலும் பத்துக் குறள், எல்லாக் குறளுக்கும் இரண்டு அடி. மூலம் மட்டும் உள்ள கோப்பைத் திறந்து, உருள்பட்டையின் நீளம் 20 செ.மீ. என்று கொண்டால், 38 அதிகாரங்கள் கொண்ட அறத்துப்பால் சற்றேறக்குறைய 5.7 செ.மீ.இல் முடியும். பொருட்பாலின் 70 அதிகாரங்கள் 16.2 செ.மீ. வரை இறங்கும். மிச்சமுள்ள நான்கு சென்டிமீட்டருக்கும் குறைவான இடத்தில் காமத்துப்பாலின் 25 அதிகாரங்கள். முதலாண்டு மாணவர்களுக்கு இதைத் திரையில் காட்டியிருக்கிறேன். "வள்ளுவர் அறத்தைவிடப் பொருளைப் பற்றி இவ்வளவு அதிகமாகப் பேசியிருக்கிறாரா ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டார். எண்களை அவர் பள்ளியிலேயே மனப்பாடம் செய்தவர்தான். அளவைக் கண்ணால் கண்டது அன்றுதான். (பரிமேலழகர் உரையோடு கூடிய கோப்பைத் திறந்தால் இந்தக் கணக்கெல்லாம் குலைந்துவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உரைகாரர்கள் எல்லாக் குறளுக்கும் ஒரே அளவாகப் பேசுவதில்லை.)

கணினியில் தமிழ் நூல் என்றால் அது பெரும்பாலும் இப்படிப்பட்ட நீண்ட ஒற்றைப் பக்கமாகவே தொடங்கியது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் உலகெங்கும் உள்ள ஆர்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்து வலையேற்றிய நூல்களை நான் முதுகலை படிக்கும்போது, நேரு வீதிப் பக்கம் இருந்த பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்கில் பணம் கட்டிப் படித்திருக்கிறேன். எழுத்துரு சரியாக அமையாத நாட்களில் திரை முழுவதும் கட்டமும் கேள்விக்குறியுமாக நிற்கும். ஆனால் உருள்பட்டை மட்டும் பொய் சொல்லாது. அந்தக் காலத்து வலைப்பக்கங்களில் அதற்கு வண்ணம் பூசும் பித்தும் இருந்தது. 2000இல் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5.5 பட்டைக்கு நிறம் கொடுக்க வழி செய்ததும், கவிதைப் பக்கம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் கடல்நீலம், மயில்பச்சை, குங்குமச் சிவப்பு என்று அதை அலங்கரித்தார்கள். நானும் நண்பர்களும் அதைக் கேலி செய்திருக்கிறோம். இன்று நினைத்தால் அந்த அலங்காரத்தின் மீது பரிவே உண்டாகிறது. பட்டை வாசகரின் கண்ணில் படும் பொருள் என்று அவர்கள் நம்பினார்கள்.

மறைக்கும் பழக்கம் 2011இல் வலுப்பெற்றது. அவ்வாண்டு ஏப்ரலில் வந்த உபுண்டு 11.04, கட்டையை ஒரு மெல்லிய கோடாக்கிச் சுட்டி அருகே போனால் மட்டும் கைப்பிடி தோன்றும்படி செய்தது. ஜூலையில் ஆப்பிள் தன் லயன் பதிப்பில் பட்டையை மறைத்தது. போதாக்குறைக்கு விரல் நகரும் திசையையும் தலைகீழாக்கி அதற்கு 'இயற்கையானது' என்று பெயரும் சூட்டியது. கைபேசியின் இலக்கணம் மேசைக்கு ஏறிவிட்டது. உள்ளங்கையளவு திரையில் இடம் மிச்சம் பிடிப்பதில் நியாயம் உண்டு. பதினைந்து அங்குலத் திரையில், இருபுறமும் வெண்வெளி கொட்டிக்கிடக்கும்போது, 17 படப்புள்ளி அகலத்தை மிச்சம் பிடித்து யாருக்கு என்ன லாபம்?

என் துறையில் இளைய நண்பர் ஒருவர் மறுத்துப் பேசினார். பட்டை இல்லாத பக்கம் தூய்மையாக இருக்கிறது, மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்துக்கொண்டே படிப்பது நல்ல வாசிப்பா என்பது அவர் கட்சி. இதில் உண்மை இல்லாமல் இல்லை. நல்ல சிறுகதையின் முடிவு எதிர்பாராமல் வந்து நிற்பதே அழகு. கட்டை கீழே போய் முட்டுவதைப் பார்த்துக்கொண்டே படித்தால் அந்த அழகு கெடும். ஆனால் அச்சில் படிக்கும்போதும் மிச்சத் தாள்கள் கையில் இருக்கத்தானே செய்கின்றன? பார்க்க வேண்டாம் என்பவர் பார்க்காமல் இருக்கலாம். பார்க்க விரும்புகிறவருக்கு இல்லாமற் செய்வது வேறு. தூய்மை என்ற பெயரில் புத்தகத்தின் முதுகை அறுத்தெறிய யாரும் முன்வருவதில்லை.

மறைப்பதைவிடப் பெரிய கேடு, பொய் சொல்லும் பட்டை. முகநூலில் கீழே போகப் போகக் கட்டை திடீரென்று மேலே எகிறும். அடியில் புதிதாகச் சேர்ந்துகொண்டே இருப்பதுதான் காரணம். முடிவற்ற இந்த உருட்டலை 2006இல் வடிவமைத்த அசா ராஸ்கின், பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தியிருக்கிறார். முடிவு தெரியாத இடத்தில் எழுந்திருக்கவும் தோன்றுவதில்லை. நாவலை மூடி வைத்துவிட்டு உறங்கப்போகும் மாணவர்கள், இதை மூட முடியாமல் விடியும்வரை விழித்திருக்கிறார்கள்.

பட்டையை மீட்பது கடினமன்று. விண்டோஸ் 11இல் அமைப்புகளில் அணுகல்தன்மை, அதற்குள் காட்சி விளைவுகள் என்று போனால் உருள்பட்டையை எப்போதும் காட்டும்படி சொல்லலாம். அண்மைக்காலப் பதிப்புகளில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்படுகிறது. மேக் கணினியின் அமைப்புகளில் 'எப்போதும்' என்ற தேர்வு உண்டு. தடத்தில் எங்கே சொடுக்கினாலும் அந்த இடத்துக்கே தாவும்படியும் அங்கேயே செய்யலாம். கொலைக்களக் காதையிலிருந்து வஞ்சிக் காண்டத்துக்குப் போக இதைவிடக் குறுக்கு வழி இல்லை. அகலம்தான் சிக்கல். விண்டோஸ் 7 வரை தோற்ற அமைப்புகளில் ஓர் எண்ணை மாற்றினால் பட்டை பருத்துவிடும். 2012இல் வந்த விண்டோஸ் 8 அந்தக் கதவை மூடிவிட்டது. இப்போது பதிவேட்டுக்குள் நுழைந்து −255 என்னும் எதிர்மறை எண்ணைத் தேடித் திருத்த வேண்டும்; அதைப் பதினைந்தால் வகுத்தால் முன்சொன்ன 17 படப்புள்ளி வரும். தமிழாசிரியன் ஒருவன் நூறாவது வயதிலும் ஊகிக்க முடியாத கணக்கு இது. மாற்றினாலும் எல்லா மென்பொருளும் மதிப்பதில்லை.

மின்னூல் தளங்களை வடிவமைக்கும் நம் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டையின் அகலத்துக்கு வலைப்பக்க நடைதாளில் மூன்று சொற்கள் உண்டு: இயல்பு, மெலிவு, இன்மை. 2018 இறுதியில் ஃபயர்ஃபாக்ஸும் 2024 தொடக்கத்தில் குரோமும் இவற்றை ஏற்றுக்கொண்டுவிட்டன. முதல் சொல்லோடு நின்றுவிடுங்கள். நிறம் கொடுப்பதானால் தடமும் கட்டையும் தனித்தனியாகத் தெரியும்படி கொடுங்கள். வெளிர்சாம்பல்மேல் வெளிர்சாம்பல் வேண்டாம். குங்குமச் சிவப்பாகவே இருந்தாலும் இனிக் கேலி செய்ய மாட்டேன்.

ஐயா வீட்டுக்குப் போய்ப் பட்டையை நிரந்தரமாக நிறுத்தி, இயன்றவரை பருமனாக்கினேன். ஒரு தொல்லை மட்டும் தீரவில்லை. கட்டையைப் பிடித்து இழுக்கும்போது கை பக்கவாட்டில் சற்று அதிகமாக விலகினால் அது சட்டென்று பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. நடுக்கமில்லாத கைக்கு ஏற்படும் தவறைத் திருத்துவதற்காக யாரோ நல்லெண்ணத்தோடு செய்த ஏற்பாடு. ஐயா ஊர்காண் காதைவரை வந்து, கை விலகி, மறுபடியும் மங்கல வாழ்த்துப் பாடலில் போய் விழுகிறார். இப்போது கட்டையை இழுப்பதை விட்டுவிட்டு, தடத்தின்மேல் வலச்சொடுக்குச் செய்து 'இங்கே உருட்டு' என்பதைத் தேர்ந்துகொள்ளக் கற்றிருக்கிறார். நாளின் முடிவில் கட்டை நின்ற இடத்தைத் திரையின் சட்டத்தில் பென்சிலால் குறித்து வைக்கிறார். போன வாரம் போயிருந்தபோது சட்டத்தின் வலப்பக்கம் பதினேழு கோடுகள் இருந்தன. நடுப்பகுதியில் இரண்டு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. அன்று மேலே படிக்கவில்லையா என்று கேட்டேன். "ஊர்சூழ் வரி," என்றார்.